எம்ஜிபியை விட்டு இன்னொரு திறந்த காருக்கு மாறலாமா?

வாசகர் கேள்வி: என்னிடம் 1973-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது பழைய பிரிட்டிஷ் திறந்த கார், இருக்கிறது. 22 வருடமாக வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஸ்பேனரோடு அதன் அடியில்தான் கிடப்பேன். இப்போது வயது 60 தாண்டிவிட்டது, முட்டி ஒத்துழைப்பதில்லை. போன வருடம் இரண்டு முறை நடுவழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் வாடை தாங்காமல் மனைவி ஏறுவதையே விட்டுவிட்டார். கதவுக்குக் கீழே சில் பகுதியில் மறுபடியும் துரு. அங்கே வெல்டிங் செய்து ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. இதை விற்றுவிட்டு, பத்திலிருந்து இருபது வருடத்துக்குள் உள்ள ஒரு கன்வெர்டிபிள் வாங்கி, காலையில் இரண்டு பேரும் கூரையைத் திறந்துகொண்டு போய்வந்தால் போதும் என்று தோன்றுகிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர் மூன்றையும் யோசிக்கிறேன். பாக்ஸ்டர் மேல்தான் ஆசை. ஆனால் எம்ஜிபியை விற்கவும் மனசு வரவில்லை. முழுசாகப் புதுப்பித்து வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? மாற்றினால் எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்:

மாற்றிவிடுங்கள். வாங்குவது எம்எக்ஸ்-5 ஆக இருக்கட்டும். துணிக்கூரை, கையால் போடும் கியர், 2009 மாடல் அல்லது அதற்குப் பிந்தியது. உங்களுக்கு பாக்ஸ்டர் மேல் ஆசை என்பதால் அதைப் பற்றியும் சொல்கிறேன். வாங்கும் முன் பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதுதான் என் தொழில். அதனால் எப்படிப் பார்த்து வாங்குவது என்ற கடைசிக் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் கிடையாது. 1798 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், எல்லாமே சாதாரணக் கருவிகளால் கழற்றி மாட்டக்கூடியவை. பாடி ஷெல்லைக்கூட 1988-லிருந்து புதிதாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். ஆகவே உங்கள் வண்டியைக் காப்பாற்ற முடியுமா என்றால், தாராளமாக முடியும். அதை யார் செய்வது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

சில்லில் துரு என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எம்ஜிபிக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, பாடியே எல்லா எடையையும் தாங்குகிறது. கூரை உள்ள காரில் கூரையும் அந்தச் சுமையில் பங்கு எடுத்துக்கொள்ளும். திறந்த காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது முக்கியமாக இரண்டு பக்கத்துச் சில்லும் நடுவில் ஓடும் டனலும்தான். எம்ஜிபியின் சில் ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்காக இருக்கும். வெளித்தகட்டை மட்டும் வெட்டிப் புதுசு ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஏழெட்டு வருடத்தில் மறுபடியும் வந்திருப்பதைப் பார்த்தால் உங்கள் வண்டிக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை ஒரு ஜாக்கியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடியும் பாருங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவு திறந்து மூட முரண்டு பிடித்தாலோ உள்தகடுகள் போய்விட்டன என்று அர்த்தம். அப்படியானால் உட்புறத்தை முழுக்கக் கழற்றி, கதவு திறப்புக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்துப் பாடி வளையாமல் நிறுத்தி, மூன்று அடுக்கையும் மாற்ற வேண்டும். சட்டம் கொடுக்காமல் வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக உட்காராது. நல்ல கை உள்ள வெல்டர் வேண்டும், பல மாதம் பொறுமையும் வேண்டும்.

அவ்வளவும் செய்து முடித்தால் கையில் வருவது ஒரு நல்ல எம்ஜிபி. அதற்கும் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். இக்னிஷன் பாயின்ட் இடைவெளி பார்க்க வேண்டும், இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்த வேண்டும். இந்த வேலைகளில் உங்களுக்கு இன்னும் சந்தோஷம் இருக்கிறது என்று எழுதியிருந்தால், விற்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் இப்போது கேட்பது மனைவியோடு போய்வர ஒரு கார். புதுப்பித்தல் அதைத் தராது. ஏபிஎஸ், ஏர்பேக் எதுவும் எம்ஜிபியில் இல்லை என்பதையும், பக்கத்தில் உட்காரப் போகிறவரை நினைத்தாவது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். அந்தப் பெட்ரோல் வாடையை விற்கப்போகிற வண்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து, விரிசல் விட வைக்கும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். கார்புரேட்டரின் மிதவை அறை வழிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பாக்ஸ்டர். ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் உயர்ந்தது, உங்கள் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் 1996-இல் வந்ததிலிருந்து 2008 மாடல் வரை உள்ள பாக்ஸ்டர் இன்ஜின்களில் ஐஎம்எஸ் என்று சொல்லும் இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் இரும்புத் தூள் இன்ஜின் முழுக்கப் பரவி, பெரும்பாலும் இன்ஜினையே மாற்ற வேண்டி வரும். எல்லா வண்டியிலும் உடையாது. உடைந்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை. 2006-ஐ ஒட்டி அந்த பேரிங்கைப் பெரிதாக்கினார்கள், ஆனால் அதை மாற்ற இன்ஜினையே பிரித்தாக வேண்டும். 2009 மாடலிலிருந்து அந்தத் தண்டே கிடையாது. ஆகவே பாக்ஸ்டர்தான் என்று முடிவு செய்தால் 2009-க்கு முன்பானதைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டு, சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமலும் வாங்காதீர்கள். இன்னொரு விஷயமும் உண்டு. இன்ஜின் நடுவில் இருப்பதால் பானெட்டைத் திறந்தால் தெரிவது பெட்டி வைக்கும் இடம்தான். 22 வருடம் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவர் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் இன்னொருவரின் லிஃப்ட்டை நம்பியிருக்க வேண்டும். அது உங்களை உறுத்தும் என்று நினைக்கிறேன்.

இசட்4-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002 முதல் 2008 வரை வந்த துணிக்கூரை மாடலில் கூரையை மடக்கும் ஹைட்ராலிக் மோட்டார், கூரை போய் மடங்கும் குழியின் அடிப்பகுதியில் இருக்கிறது. வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் நேராக அதில்தான் தேங்கும், மோட்டார் மூழ்கிச் செத்துப்போகும். சாதாரண மாடல்களின் மின்விசை ஸ்டீயரிங் நெடுந்தூரம் நேராகப் போகும்போது நடுவில் ஒட்டிக்கொண்டு, தடங்கித் தடங்கி நகர்வதும் தெரிந்த குறை. 2009-இல் வந்த அடுத்த தலைமுறைக்கு மடங்கும் தகட்டுக்கூரை. அழகுதான், ஆனால் எடையும் கூடியது, சென்சாரும் ஹைட்ராலிக்கும் கூடின. கூரையை மடக்கினால் டிக்கியில் இடமும் கொஞ்சம்தான் மிஞ்சும்.

இப்போது எம்எக்ஸ்-5. 1989-இல் முதல் மாடல் வந்தபோதே, 1960-களின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களில் இருந்த சுகத்தை, எண்ணெய் ஒழுகாமல், காலையில் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகும்படி தருவதுதான் அதன் நோக்கம். எம்ஜிபி ஓட்டிப் பழகிய கைக்கு மூன்றில் இதுதான் சீக்கிரம் பிடிபடும். பாக்ஸ்டரும் இசட்4-ம் பெரும்பாலும் 1300 கிலோவுக்கு மேல். 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 சுமார் 1100 கிலோ. உங்கள் எம்ஜிபியைவிட அதிகம்தான், ஆனாலும் அந்த லேசான தன்மை போகவில்லை. எம்எக்ஸ்-5 வரிசையில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வந்த கடைசித் தலைமுறையும் இதுதான். பவர் ஸ்டீயரிங்கே இல்லாத வண்டியை ஓட்டிய உங்களுக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியும். இதற்கு முந்திய இரண்டு தலைமுறைகளிலும் டைமிங் பெல்ட், இதில் செயின். 2009 மாடலிலிருந்து 2.0 லிட்டர் இன்ஜினுக்கு ஃபோர்ஜ்டு கிராங்க், அதாவது அடித்து உருவாக்கிய வலுவான சுழல்தண்டு, கொடுத்தார்கள், இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச எல்லையான ரெட்லைன் நிமிடத்துக்கு 7,500 சுற்று ஆனது. நான் 2009 என்று சொன்னது அதனால்தான்.

துணிக்கூரை ஏன் என்றால், நடுவில் ஒரே ஒரு கொக்கி. இருக்கையில் உட்கார்ந்தபடியே அதை விடுவித்து, கையால் பின்னால் தள்ளினால் மடங்கிவிடும். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றுமில்லை. துணி கிழிந்தால் துணியை மாற்றலாம். ஆனால் தோள்பட்டையில் வலி இருந்தால் இந்தத் தள்ளலே கஷ்டமாகலாம். அப்படியானால் 2006-இல் அறிமுகமான மின்தகட்டுக்கூரை மாடலைப் பாருங்கள். அது டிக்கி இடத்தைத் தின்னாமல் மடங்கும், நான் பார்த்த வரையில் தொல்லையும் குறைவு.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். கூரையை மூடி வைத்தபடி இரண்டு பேரும் நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கூரை திறந்திருந்தால் யாருக்கும் சுலபம்தான், மூடியிருக்கும்போதுதான் முட்டிக்குச் சோதனை. இந்தத் தலைமுறையில் ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும்தான் நகரும், முன்னும் பின்னும் நகராது. கால் நீளமானவராக இருந்தால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பொருந்தவில்லை என்றால் அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5-இல் 2018-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவற்றைப் பாருங்கள், அதில் ஸ்டீயரிங் இரண்டு விதமாகவும் நகரும்.

இனி சோதனை. கன்வெர்டிபிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். நான் முதலில் தேடுவது தண்ணீரை. இந்த வயதுள்ள திறந்த கார்களில் இன்ஜினால் கெட்டதைவிடத் தண்ணீரால் கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கூரைத் துணியில் விழும் மழை பின்பக்கமாக வழிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டைகளில் இறங்கி, குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போக வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலையும் மண்ணும் சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொள்ளும். மொட்டைமாடிக் குழாய் அடைத்தால் வீட்டுச் சுவர் ஊறுகிற மாதிரி, தண்ணீர் சில்லுக்குள்ளும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் புகுந்துவிடும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து துரு தின்னும். பாக்ஸ்டரில் இதே அடைப்பு இருக்கைக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டியை நனைத்து, வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்துவிடும்.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ஓனரிடம் அனுமதி கேட்டு, கூரையின் பின்விளிம்பில் ஒவ்வொரு பக்கமும் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொட்ட வேண்டும். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தால் அந்தப் பக்கத்துச் சில்லையும் சக்கர வளைவையும் லிஃப்ட்டில் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள், கையை முகர்ந்து பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டிக்கித் தரைவிரிப்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் துடைக்காத கடைசிப் பகுதியில் தண்ணீர்க் கறை இருந்தால் அந்த வண்டி நனைந்த கதை வெளியே வந்துவிடும்.

கூரைத் துணியை பாதி மடக்கிய நிலையில் நிறுத்தி, மடிப்பு விழும் இடத்திலும் சட்டத்தில் உரசும் ஓரத்திலும் விரலால் தடவுங்கள். அங்கேதான் முதலில் நூல் தெரியும். பின்கண்ணாடி துணியோடு ஒட்டும் விளிம்பையும் பாருங்கள்.

கிலோமீட்டர் குறைவு என்பதில் மயங்க வேண்டாம். இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார் பல வீடுகளில் இரண்டாவது காராகத்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் உறைக்குள் நின்ற வண்டி மீட்டரில் இளமையாகத் தெரியும், ஆனால் ரப்பர், பிரேக் ஆயில், டயர் எல்லாம் நின்ற இடத்திலேயே கிழடாகும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் மேற்பகுதி, நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தை நெருங்கிய டயரைப் புது டயர் விலையாகவே கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். குறைவாக ஓடி, பில் எதுவும் இல்லாத வண்டியையும், நிறைய ஓடி, வருடா வருடம் ஆயில் மாற்றிய பில்லோடு இருக்கும் வண்டியையும் பக்கத்தில் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

போகும் முன்பே ஓனரிடம் போனில் சொல்லிவிடுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நொடிகளில் போடும் சத்தமும், குளிர்ந்த கியர்பாக்ஸ் இரண்டாவது கியரில் காட்டும் முரட்டுத்தனமும் சூடான பிறகு மறைந்துவிடும். அப்புறம், காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டுங்கள். பிழைக்குறியீடு ஒன்றும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள், சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று காட்டும் பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். மேடு பள்ளமான சாலையில் கூரை திறந்தபடி ஓட்டிப் பாருங்கள். டாஷ்போர்டு கொஞ்சம் அதிர்வது திறந்த காரின் இயல்பு. கதவே தனியாக ஆடுகிற மாதிரி இருந்தால் விபத்துப் பழுதையோ துருவையோ தேட வேண்டும்.

டகாட்டா ஏர்பேக் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள், அதாவது ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகங்கள், வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதால், பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2000-களில் வந்தவை அதில் ஏராளம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கார் நிறுவனத்திடம் கேளுங்கள். அந்த வேலைக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

வாங்கிய முதல் மாதத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்களையும் கூலன்ட்டையும் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். வடிகுழாய்களை வளையும் நைலான் கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். காற்று அழுத்தம் கொடுத்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாது.

கடைசியாக, விற்பது. இரண்டையும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓடாமல் நிற்கும் எம்ஜிபியில் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும், பிரேக் சிலிண்டர் இறுகும், பெட்ரோல் கெட்டுப்போகும். ஓடுகிற வண்டியாக விற்றால் அதை வாங்குகிறவர் ஓட்டுவார், நின்றுபோன வண்டியாக விற்றால் பாகம் பாகமாகப் பிரிய வாய்ப்பு அதிகம். 22 வருடம் அதைப் பார்த்துக்கொண்ட நீங்கள், இப்போது அதன் அடியில் படுக்கத் தயாராக உள்ள ஒருவரிடம் கொடுப்பதில் துரோகம் எதுவும் இல்லை. அந்த வண்டிக்கு இப்போது தேவை அப்படி ஓர் ஆள்தான்.

விற்பதற்காகச் சில்லைப் பூசி மறைக்காதீர்கள், அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சும் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் காந்தத்தோடுதான் வருவார், மறைத்த இடத்தைக் கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். துருப் பிடித்த இடங்களைப் படம் எடுத்து, கேட்பவருக்கு முதலிலேயே அனுப்பிவிடுங்கள். உங்களுடையது 1973 மாடல் என்பதால் குரோம் பம்பர் இருக்கும். 1974 கடைசியில் கருப்பு ரப்பர் பம்பர் வந்து, வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. அதனால் அதற்கு முந்தியதைத்தான் பலர் தேடுகிறார்கள். பழைய பில்கள், கழற்றி வைத்த ஒரிஜினல் பாகங்கள், வெல்டிங் செய்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள். இந்த 22 வருடத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று நினைவில் இருப்பதை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால், வாங்குகிறவர் உங்களுக்குப் போன் செய்ய வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.